சம்பந்தியின் இடது கால்

மதியம் பன்னிரண்டு மணிக்குள் லிஃப்ட்காரர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வண்டிக்கு செராமிக் பிரேக் போடுவதா, ஸ்டீல் பிரேக் போடுவதா? மெக்கானிக் கெடு வைத்துவிட்டார். அதற்குள் சொன்னால்தான் சாமான் வரவழைத்து, பொருத்தி, அடுத்த சனிக்கிழமை, இந்த வருஷத்தின் கடைசி ட்ராக் நாளில் ஓட்டலாம். இல்லையென்றால் இந்த வருஷத்துக்கு வண்டியைத் துணி போட்டு மூடிவைக்க வேண்டியதுதான்.

லிஃப்ட்காரர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் லிஃப்ட் ஓட்டுகிறவர் அல்ல. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதித்து, இதில் ஆள் ஏறலாம், இதில் ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுக்கும் பரிசோதகர். முப்பத்தோரு வருஷமாக அதுதான் வேலை. அதில் முகதாட்சண்யம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய ஓட்டல் முதலாளி ஒருவர் எதிரில் நின்று கெஞ்சக் கெஞ்ச, கதவில் தடைச்சீட்டை ஒட்டிவிட்டு, பன்னிரண்டு மாடியையும் படியிலேயே இறங்கி வந்தவர். 'பிரேக் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதான் எழுதுவேன்' என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் பதினொரு மாதமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தார். 'சம்பந்தி, நீங்க பிரேக்ல இருந்து காலை எடுக்கவே மாட்டேங்கறீங்க.' அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சம்பந்தி கிடையாதே.

சம்பந்தி ஒரு பல் டாக்டர். லிஃப்ட்காரரின் ஒரே மகள் டாக்டரின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணப் பேச்சு நடந்த நாளில், பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, இரண்டு அப்பாக்களும் பேச ஒன்றும் இல்லாமல் ஜன்னலோரம் போய் நின்றார்கள். தெருவில் தரையோடு தரையாகத் தவழ்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் போயிற்று. இருவர் கழுத்தும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பியது. அந்த நிமிஷத்தில் நிச்சயமானதுதான் உண்மையான சம்பந்தம். அடுத்த வருஷமே பாதிக்குப் பாதி போட்டு, பதினைந்து வயதான மஞ்சள் வண்டி ஒன்றை வாங்கிவிட்டார்கள். இரண்டே இருக்கை, இரண்டே பெடல், கிளட்ச் கிடையாது. தன் வீட்டு மனுஷர் நல்லவர்தான், அந்த வீட்டு மனுஷர்தான் கெடுத்துவிட்டார் என்று இரண்டு அம்மாக்களும் இன்றுவரை நம்புகிறார்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே உள்ள ட்ராக்கைக் கட்டணம் கட்டியவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அங்கே போய் ஆளுக்குப் பாதி நேரம் ஓட்டுவார்கள். மரியாதைக்குக் குறைவே கிடையாது. டயரில் எவ்வளவு காற்று அடிப்பது என்பதற்கே 'உங்க இஷ்டம்', 'சேச்சே, உங்க இஷ்டம்' என்று கால் மணி நேரம் போகும். பக்கத்தில் நிற்கிற இளவட்டங்கள் அதற்குள் இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

முதல் நாளே லிஃப்ட்காரர் அதைக் கவனித்துவிட்டார். டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு நீண்ட நேர்பாதையில் வருகிறார். எல்லா வண்டிகளும் சீறிப் பாய்கிற இடம் அது. அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை. ஆனால் மஞ்சள் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே போயிற்று. இந்த முனையில் எரிந்தது அந்த முனை வரைக்கும் அணையவில்லை. வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, சும்மா இருக்க வேண்டிய இடது கால் பிரேக்கின் மேல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முழு மிதி அல்ல. பூனை மடியில் கால் வைப்பது போல ஒரு சின்ன அழுத்தம். அந்தச் சின்ன அழுத்தத்திலேயே சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு உரசிச் சூடேறி நீலம் பாரித்துவிடும்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு அடி எடுத்துவைத்தார். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி, பூரித்த முகத்தோடு, "எப்படி இருந்துச்சு சம்பந்தி?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் வாயிலிருந்து, "பிரமாதம்" என்று வந்துவிட்டது. முதல் நாள் பிரமாதம் என்று சொன்னவர் இரண்டாம் நாள் எப்படி மாற்றிச் சொல்வார்?

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். அலுவலகத்தில் ஒருத்தர் இருக்கிறார், பிரேக் மேலேயே கால் வைத்துக்கொண்டு ஓட்டுவார் என்று ஒரு கற்பனை மனிதரைப் பற்றிக் கதை விட்டார். டாக்டர் உச்சுக் கொட்டி, "சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்று அந்த மனிதருக்காக வருத்தப்பட்டார். அகலமான காலணி போட்டால் கால் இடிக்குமே, தானாக நகர்ந்துவிடுமே என்று ஒரு ஜோடி வாங்கிப் பரிசளித்தார். டாக்டர் அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டார்.

மனைவியிடம் யோசனை கேட்டது இன்னொரு தப்பு. அந்த அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "பொண்ணு அந்த வீட்டுல சந்தோஷமா இருக்கா. உங்க லிஃப்ட் ஆபீஸ் வாயை அங்க கொண்டு போய்த் திறக்காதீங்க. நுணலும் தன் வாயால கெடும்." பேச்சு அத்தோடு முடிந்தது. தவளை என்று பேர் வாங்கியபிறகு யாருக்குப் பேச்சு வரும்?

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் போன முறை டாக்டரின் கடைசி ரவுண்டில் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அடிவரை இறங்கிவிட்டது. வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் புல்வெளிக்குள் போய் நின்றது. டாக்டர் சிரித்துக்கொண்டே நடந்து வந்து, "புல்லு நல்லா வளந்திருக்கு சம்பந்தி" என்றார். லிஃப்ட்காரரால் சிரிக்க முடியவில்லை. நேர்பாதை முடிகிற இடத்தில் புல் இருக்கிறது. புல் முடிகிற இடத்தில் சுவர் இருக்கிறது. அதை அவர் மறுபடி மறுபடி மனசுக்குள் அளந்து பார்த்தார். அடுத்த முறை புல் போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமும் இல்லை.

இன்று காலை மெக்கானிக்கின் பட்டறையில், கழற்றிய முன்சக்கரத் தட்டு மேஜைமேல் கிடந்தது. மெக்கானிக் நாற்பது வயதுப் பெண். கையில் எப்போதும் ஒரு டார்ச், வாயில் எப்போதும் உள்ளது உள்ளபடி. தட்டில் வரிசையாக இருந்த ஓட்டைகளில் டார்ச்சை அடித்துக் காட்டினார். ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஓட்டையைச் சுற்றிச் சின்னக் கீறல் இருந்தால் பரவாயில்லை, இரண்டு ஓட்டையைச் சேர்த்துவிட்டால் தட்டு குப்பைக்குத்தான் என்றார்.

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செராமிக் போட்டுவிடலாமா என்று கேட்டார். அதன் விலைக்கு இன்னொரு சின்ன வண்டியே வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு வண்டியின் விலை கொடுப்பதா என்று மனசாட்சி கேட்டது. கொடுக்கலாம் என்று சம்பந்தி மரியாதை பதில் சொன்னது.

மெக்கானிக் நிதானமாக விளக்கினார். செராமிக் எடை குறைவு, துரு பிடிக்காது, சக்கரத்தில் கரி படியாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஓயாமல் சூடேற்றினால் அதுவும் உள்ளுக்குள்ளேயே எரிந்து தேயும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். கழற்றித் தராசில் வைத்து நிறுத்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். ஸ்டீல் என்று சொல்வது பேருக்குத்தான், உண்மையில் அது வார்ப்பிரும்பு. கனம், அழுக்கு, விரிசலும் விடும். ஆனால் விரிசல் கண்ணுக்குத் தெரியும். சாகிறபோதும் சொல்லிவிட்டுத்தான் சாகும்.

"ஸ்டீல் போட்டா என்கிட்ட சீக்கிரம் வருவீங்க. செராமிக் போட்டா கொஞ்சம் லேட்டா வருவீங்க. அவ்வளவுதான். தட்டை நான் மாத்திடுவேன் சார், அந்தக் காலை யாரு மாத்துறது?"

வேண்டுமானால் நானே அவரிடம் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டார். வெளியாள் வாயால் கேட்டால் சம்பந்திக்கு எவ்வளவு அவமானம் என்று லிஃப்ட்காரர் பதறிப்போய்த் தடுத்துவிட்டார். மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். பன்னிரண்டு மணிக்குள் போன் வரவேண்டும் என்றார்.

பதினொரு மணிக்கு லிஃப்ட்காரர் டாக்டரின் கிளினிக்கில் இருந்தார். இரண்டு பேருமாகப் பேசி முடிவு பண்ணலாம் என்று டாக்டர்தான் வரச்சொல்லியிருந்தார். அது ஒற்றை நாற்காலி கிளினிக். மருந்துப் பெட்டிகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதால் நோயாளி நாற்காலியில்தான் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் அது தன்பாட்டுக்கு அவரைப் பின்னால் சாய்த்தது. செராமிக் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். டாக்டர் வழக்கம்போல, "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுதான்" என்றார். இவரும் வழக்கம்போல, "நீங்க சொன்னா சரி" என்றார். இப்படியே போனால் பன்னிரண்டு என்ன, பொழுதே சாய்ந்துவிடும்.

பேச்சு நகராததால் டாக்டருக்குக் கை அரித்தது. வந்ததே வந்தீர்கள், ஒரு தடவை வாயைத் திறங்கள் என்றார். விளக்கு நெற்றிக்கு மேல் வந்தது. சின்னக் கண்ணாடி வாய்க்குள் நுழைந்தது. டாக்டர் முகத்திலிருந்த சம்பந்திக் களை மெல்லக் கழன்று, டாக்டர் களை வந்தது. கடைவாய்ப் பற்கள் நான்கும் மொட்டையாகத் தேய்ந்திருக்கின்றன, ஒன்றில் கீறலே விழுந்துவிட்டது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள் என்றார். எத்தனை நாளாக என்று கேட்டார். வாயில் கண்ணாடியோடு லிஃப்ட்காரர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு வருஷம் இருக்கும். மனைவியும் சொல்லியிருந்தார்.

வாய் கொப்பளிக்கச் சொன்னார் டாக்டர். லிஃப்ட்காரர் பக்கவாட்டில் குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார். நாற்காலிக்கு அடியில், பல் குடையும் கருவியை ஓட்டுகிற வட்டமான பெடல் இருந்தது. அதன்மேல் டாக்டரின் இடது கால் இருந்தது. கருவி கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. கால் மட்டும் பெடல்மேல் பதமாக உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாகக் காலை முதல் மாலை வரை அங்கேயே உட்கார்ந்து பழகிய கால். சொந்தக் காரில் அந்தக் காலுக்குக் கிளட்ச் வேலை உண்டு. மஞ்சள் வண்டியில் வேலை இல்லை. சும்மா இருக்கத் தெரியாத கால், கிடைத்த பெடலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பயமும் இல்லை, திமிரும் இல்லை. தொழில் பழக்கம்.

மேலே டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். "பல்லுக்கு உறை போட்டுடலாம் சம்பந்தி. செராமிக்லயும் போடலாம், ஸ்டீல்லயும் போடலாம். ஆனா உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கடிக்கிறதை நிறுத்தலைன்னா எதைப் போட்டாலும் உடைஞ்சிடும்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். தன்னால் ஒரு வருஷமாகச் சொல்ல முடியாததை இந்த மனிதர் ஒரு மூச்சில், கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். தனக்குக் கோபம் வந்ததா? வரவில்லை. மரியாதை குறைந்ததா? அதுவும் இல்லை. நம் பல்மேல் இந்த ஆளுக்கு இவ்வளவு அக்கறையா என்று மனசு இளகித்தான் போயிற்று. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று தன்மேலேயே வெட்கமாக வந்தது.

"நான் ஏன் பல்லைக் கடிக்கிறேன்னு கேளுங்க" என்றார்.

"ஏன்?"

"உங்க இடது காலாலதான்."

டாக்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதற்குள் லிஃப்ட்காரருக்கு மடை திறந்துவிட்டது. நேர்பாதையில் எரிகிற விளக்கு, நீலம் பாரித்த தட்டு, விரிசல், கொதித்த ஆயில், அலுவலகத்தில் இல்லாத அந்த ஆள், அகலக் காலணி எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டினார். டாக்டர் காலைப் பெடலிலிருந்து எடுத்தார். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தார்.

"இது எப்போ இருந்து தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாளே."

டாக்டரின் முகம் சிவந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கெட்ட பேர் வாங்கியாயிற்று, மனைவி சொன்னது பலித்துவிட்டது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். ஆனால் கோபம் அவர் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை.

"பதினொரு மாசமா பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்க. நான் அந்தச் சுவத்துல போய் மோதியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மரியாதையா வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னு, 'ரொம்ப நல்ல மனுஷன், பிரேக்தான் சரியில்லை'ன்னு சொல்லியிருப்பீங்க. ஊர் பேர் தெரியாதவன் ஏறுற லிஃப்டுக்கெல்லாம் சீட்டு ஒட்டுவீங்க. எனக்கு ஒட்ட மாட்டீங்களா?"

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கியது. விளக்கு கூசுவதாகக் காட்டிக்கொண்டு கையால் மறைத்துக்கொண்டார். டாக்டர் கருவிகளை எடுத்து எடுத்து வைத்தார். பிறகு மணியைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து. இரண்டு தட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சுருக்கமாகக் கேட்டார். லிஃப்ட்காரர் மெக்கானிக் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். டாக்டர் தானே போனை எடுத்து, மெக்கானிக்கிடம், "ஸ்டீலே போடுங்கம்மா. நான் தப்பு பண்ணினா வெளியில தெரியணும்" என்றார். வைத்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார். லிஃப்ட்காரரைப் பார்த்துப் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

நான்கு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. லிஃப்ட்காரர் மனைவியிடம் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், வீட்டுக்குள் கூண்டுப்புலிபோல் நடந்தார். ஐந்தாம் நாள் மகள் கூப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமனார் சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் இடது காலை நாற்காலிக் காலோடு துண்டால் கட்டிவைத்துக்கொள்கிறாராம். என்னவென்று கேட்டால், இந்தக் காலுக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறாராம். நேற்று மறந்துபோய் அப்படியே எழுந்து நாற்காலியோடு சமையலறை வரை வந்துவிட்டாராம். அப்பா, அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். லிஃப்ட்காரர், அவர் ரொம்ப நல்லா இருக்கார்மா என்று சொல்லிவிட்டு, போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஐந்து நாளில் முதல்தடவையாக இரண்டாம் முறை சோறு கேட்டார்.

சனிக்கிழமை ட்ராக்கில் மஞ்சள் வண்டி புதுத் தட்டோடும் புது ஆயிலோடும் நின்றது. டாக்டர் காலை வணக்கம் மட்டும் சொன்னார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். லிஃப்ட்காரர் தடுப்புச் சுவர் ஓரம் போய் நின்றார். பக்கத்தில் மெக்கானிக்கும் வந்து நின்றார்.

முதல் இரண்டு ரவுண்டு தட்டையும் டயரையும் பழக்குவதற்காக டாக்டர் மெதுவாகவே ஓட்டினார். மூன்றாவதில் கடைசி வளைவைத் தாண்டி நேர்பாதைக்குள் வந்தார். லிஃப்ட்காரர் பின்விளக்கையே பார்த்தார். எரியவில்லை. வண்டி அவர்களைக் கடந்தபோது இதுவரை டாக்டர் கையில் கேட்டிராத சத்தம் ஒன்று அதிலிருந்து வந்தது. பாதி தூரம் போயிற்று, எரியவில்லை. முக்கால் தூரம், எரியவில்லை. இப்போது எரிந்தால் தேவலையே என்று லிஃப்ட்காரருக்கே வியர்த்தது. சரியாகப் பிரேக் போட வேண்டிய இடத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. வண்டி மூக்கைத் தாழ்த்தி, வேகத்தை இறக்கி, வளைவில் சுளுவாகத் திரும்பி மறைந்தது. மெக்கானிக் லிஃப்ட்காரர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

இன்னும் நான்கு ரவுண்டு அப்படியே ஓடியது. பிறகு டாக்டர் உள்ளே வந்து வண்டியை நிறுத்தினார். நிறுத்தியவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டும் கழற்றாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். மார்பு வலியோ, தலைசுற்றலோ என்று பயந்துபோன லிஃப்ட்காரர் ஓடிப்போய் கதவைத் திறந்து குனிந்தார்.

டாக்டர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் சின்னப் பிள்ளைபோல் விரிந்திருந்தன.

"சம்பந்தி, இந்த வண்டி இவ்வளவு வேகமா போகுமா?"

"போகும்."

"இது உங்களுக்குப் பதினொரு மாசமா தெரியும்?"

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார்.

"பாதி விலை கொடுத்தேன், பாதி வேகம்தான் கிடைச்சிருக்கு. இருக்கட்டும். இன்னைக்கு உங்க நேரமும் எனக்குத்தான்" என்று சொல்லி, டாக்டர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, மரியாதைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கிளம்பிப் போய்விட்டார்.